வெண்வயிற்றுக் கடற்கழுகு

வெண்வயிற்றுக் கடற்கழுகு புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஆண்டு முழுவதும் காணப்படும் பெரிய கொன்றுண்ணிப் பறவை. வட அரைக்கோள மலைகளுக்குரிய பொற்கழுகு இலங்கையில் இல்லை. உருவத்தில் அதற்கு ஈடுசொல்லத் தக்கது இதுவே. விரித்த சிறகுகள் ஏறத்தாழ 2 மீற்றர் அகலம். பெண் ஆணைவிடப் பெரியது. 4 கிலோவையும் தாண்டுவதுண்டு. 1788இல் இயற்கையியலாளர் கிமெலின் இதற்கு அறிவியற் பெயரிட்டார். இந்தியாவிலிருந்து அவுஸ்திரேலியா வரை இது பரவியுள்ளது.

தலையும் மார்பும் வயிறும் தூய வெள்ளை, முதுகு சாம்பல் நிறம், வால் குட்டையாக ஆப்பு வடிவில் இருக்கும். இளம்பறவை பழுப்பு நிறமானது; முழு வெண்மை பெற நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதனால் இக்கரையோரத்துக் கற்பிட்டியில் இளம்பறவையைப் பார்த்து வேறு கழுகென்று எண்ணுவோர் உண்டு. பறக்கையில் சிறகுகளைச் சற்று மேல்நோக்கி ஏந்தியிருக்கும். சிறகுகளைத் தட்டையாக வைத்து, புத்தளம் களப்பின்மேல் வட்டமிடும் செம்பருந்திலிருந்து இதைப் பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே போதும்.

பொற்கழுகின் கால்களில் விரலடி வரை இறகு மூடியிருக்கும்; கடற்கழுகின் கணுக்கால் வெறுமையானது. விரல்களின் அடிப்புறம் முள்போன்ற சொரசொரப்புடையது. வழுக்கும் மீன் அதிலிருந்து நழுவுவது கடினம். நீர்மட்டத்தை ஒட்டிப் பாய்ந்து கால்களை முன்னே நீட்டி அள்ளுமே தவிர, பெரும்பாலும் நீரில் மூழ்காது. மூச்சுவிட மேலே வரும் கடற்பாம்புகள் இதற்கு விருப்ப இரை. நீர்ப்பறவைகளையும் பிடிக்கும், பிற பருந்துகளின் இரையைத் தட்டிப் பறிக்கவும் செய்யும்.

உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் கட்டிய கூட்டையே ஆண்டுதோறும் புதுப்பித்துப் பயன்படுத்தும். கூடு வரவரப் பெரிதாகும். பொதுவாக இரண்டு முட்டைகள். அடைகாப்பு சுமார் ஆறு வாரம். கூடு இப்படி ஆண்டுதோறும் வளர்வதால், அது இருந்த ஒரு முதுமரம் வெட்டப்படுவது பல ஆண்டு உழைப்பின் இழப்பு. 1980களிலிருந்து புத்தளம் களப்பைச் சுற்றிக் கண்டல் காடுகள் இறால் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்டன. மீன்குஞ்சுகள் வளரும் இடமும் அதனோடு குறைந்தது. கழுகின் உணவு அதைச் சார்ந்தது.

இனம் உலகளவில் அருகிவிடவில்லை. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதைக் காக்கிறது. ஆனால் சட்டத்தால் மட்டும் கூடுகளைக் காக்க முடியாது. தாஸ்மேனியாவில் இதே இனப் பறவைகள் காற்றாலைகளில் மோதி இறந்துள்ளன. கற்பிட்டிக் குடாநாட்டுக் கரையிலும் காற்றாலைகள் எழுந்துவிட்டன. புதியவற்றுக்கு இடம் ஒதுக்குமுன் கூடுமரங்களைக் கணக்கெடுத்தாக வேண்டும்.