'குறைவேலை': ஒரு சொற்பொருள் வரலாறு

பேச்சுவழக்கில் 'குறைவேலை' என்பது முடியாமல் எஞ்சி நிற்கும் வேலையைக் குறிக்கும். பொருளியல் எழுத்துகளிலோ அது போதிய நேரமோ கூலியோ அளிக்காத வேலையைச் சுட்டுகிறது. இதனையும் 'மறைமுக வேலையின்மை'யையும் ஒருபொருட் சொற்களாக வழங்கும் போக்கு நம்மிடையே உண்டு. அவை வேறானவை என்பதை வரலாற்றுவழிக் காட்ட இக்கட்டுரை முயல்கிறது.

மறைமுக வேலையின்மை என்னும் கருத்தை 1936இல் ஜோன் ராபின்சன் முன்வைத்தார். தொழில்வளம் மிக்க நாட்டில், நல்ல வேலையை இழந்து லண்டன் தெருவில் தீப்பெட்டி விற்கச் சென்றவனே அவர் காட்டிய சான்று. அவனுக்கு இழப்பதற்கு ஒரு வேலை முன்னர் இருந்தது. 1950களில் நர்க்சு முதலியோர் இக்கருத்தை ஏழை நாடுகளின் உழவுக் குடும்பத்திற்குப் பொருத்தினர். நால்வர் செய்யத்தக்க வேலையை அறுவர் செய்தால் இருவர் மிகை எனப்பட்டது. அவ்விருவர் யாவர்? நடவிலும் அறுவடையிலும் அறுவரும் வேண்டப்படுவர். எஞ்சிய திங்கள்களில் அறுவருக்குமே வேலை போதாது. அந்நிலையைச் சுட்டக் 'குறைவேலை' என்பதே பொருந்தும். 'வேலையின்மை' என்றதும் பழி ஆள்மேல் விழுகிறது. 'குறைவேலை' என்றால் குறை வேலையினுடையதாகிறது.

இவ்வேறுபாடு கணக்கெடுப்பிலும் புலனாகும். இந்திய வேலையின்மையை ஓர் எண்ணுள் அடக்குதல் தகாது எனத் தந்த்வாலா குழு 1970இல் அறிவித்தது. அதன்வழி, தேசிய மாதிரி ஆய்வின் 27ஆம் சுற்று (1972-73) ஆண்டு, வாரம், நாள் என்னும் மூவகை அளவுகளைக் கையாண்டது. வார அளவின்படி, ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையுடையவரே. நாள் அளவு அரைநாளையும் பிரித்து எண்ணும். வாரத்தில் இருநாள் மட்டும் களையெடுத்து, மற்றைய ஐந்து நாளும் வேலை தேடிய கூலிப்பெண் முதற்கணக்கில் வேலையுடையவள். மற்றதில் ஐந்து நாள் வேலையற்றவள். அவளது நிலையைச் சொல்ல முன்னைய கணக்கில் சொல்லே இல்லை. ராஜ் கிருஷ்ணா 1973இல் நேரத்தோடு வருவாய், விருப்பம், விளைதிறன் ஆகியவற்றையும் அளவுகோல்களாக்கினார்.

எனினும் 'குறைவேலை' எல்லாவற்றையும் தாங்கும் எனக் கொள்வதற்கில்லை. நாள்முழுதும் உழைத்தும் தம் கல்விக்கேற்ற பணி பெறாத பட்டதாரிக்கு நேரம் குறைவன்று. 1998இல் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடும் நேரக்குறைவை ஒருபுறமும் வேலையின் போதாமையை மறுபுறமும் பிரித்தே வரையறுத்தது. முன்னதற்குக் 'குறைவேலை' என்பதையும், பின்னதற்குப் 'போதாவேலை' என்பதையும் ஆளலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.