தட்டிப் பார்த்தவர்கள்

1986-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பர்க்லி ஆராய்ச்சிசாலையில் 75 சென்ட் கணக்கில் உதைத்தது. முக்கால் டாலர்! அவ்வளவு பெரிய ஸ்தாபனத்தில் இதை யார் பொருட்படுத்தப் போகிறார்கள்? அநுபவமுள்ள குமாஸ்தாவாக இருந்தால் தம் சட்டைப் பையிலிருந்து முக்கால் டாலரைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அந்தக் கணக்கு ஒரு புது ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் கிளிஃபோர்டு ஸ்டோல். வான சாஸ்திரம் படித்தவர். நட்சத்திர ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டதால் கம்ப்யூட்டர் பகுதியில் வேலைக்கு வந்தவர். புது வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

அந்த நாளில் கம்ப்யூட்டரை உபயோகித்தவர்களிடம், உபயோகித்த நேரத்துக்குத் தகுந்தபடி கட்டணம் வசூலிப்பார்கள். கணக்கு வைப்பதற்கு இரண்டு புரோகிராம்கள் இருந்தன. இரண்டும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும், காட்டவில்லை. ஸ்டோல் நூலைப் பிடித்துக்கொண்டு போனார். விலாசமே இல்லாத ஒரு பெயரில் யாரோ உள்ளே வந்து சில விநாடிகள் யந்திரத்தை உபயோகித்திருப்பது தெரிந்தது. பில் அனுப்ப விலாசம் இல்லை. அதனால்தான் 75 சென்ட் அந்தரத்தில் நின்றது.

நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? அந்தப் பெயரை அழித்துவிட்டு, பூட்டை மாற்றிவிட்டு, "தொலைந்தது சனியன்!" என்று தூங்கியிருப்போம். ஸ்டோல் அப்படிச் செய்யவில்லை. ஒரு வாரக் கடைசியில், ஆபீஸில் ஆள் இல்லாத சமயம் பார்த்து, மற்றவர்கள் மேஜைகளிலிருந்த டெர்மினல்களையும் அச்சு யந்திரங்களையும் கேளாமலே இரவல் எடுத்து வந்தார். வெளியிலிருந்து வரும் 50 கம்பிகளிலும் அவற்றை மாட்டினார். வருகிறவன் ஓர் எழுத்தைத் தட்டினால் இங்கே காகிதத்தில் அது விழும். வந்தவனுக்கோ ஒன்றும் தெரியாது. இதைத் தவிர, தம் கையால் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் தேதி, நேரம் போட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார். வானத்தைப் பார்க்கும் சாஸ்திரிக்கு அது பழகிப்போன காரியம். எழுதி வைக்காதது நடக்காததற்குச் சமம் என்பது அவர்கள் வழக்கு.

காகிதத்தில் விழுந்தது என்ன? வந்தவனுக்கு அந்த ஆராய்ச்சிசாலையில் அக்கறையே இல்லை! அதை ஒரு திண்ணையாக வைத்துக்கொண்டு, அங்கிருந்தபடி ஊரிலுள்ள மற்ற வீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். ராணுவ முகாம்கள், ராணுவத்துக்கு வேலை செய்யும் கம்பெனிகள், சர்வகலாசாலைகள். மந்திர தந்திரம் எதுவும் அவன் செய்யவில்லை. 'விருந்தாளி' என்ற பொதுப் பெயரைச் சொல்லிப் பார்ப்பான். திறக்கவில்லையென்றால் அடுத்த வீடு. சுமார் 450 கம்ப்யூட்டர்களை இப்படித் தட்டிப் பார்த்தான். 30-க்கு மேல் திறந்துகொண்டன. அதைவிட விசேஷம், தட்டப்பட்ட வீட்டுக்காரர்களில் மிகப் பலருக்குத் தங்கள் கதவை யாரோ தட்டினார்கள் என்பதே தெரியவில்லை. அவர்களிடம் நோட்டுப் புத்தகம் இல்லை.

ஸ்டோல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் போன் செய்தார். "எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டார்கள். "75 சென்ட்" என்றார். அதோடு அவர்களுடைய உற்சாகம் அடங்கிவிட்டது.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் உண்மையான கஷ்டம் தெரிகிறது. திருடன் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்து வைத்திருப்பது எப்பேர்ப்பட்ட பொறுப்பு! ஒரு சமயம் அவன், நோயாளி சம்பந்தப்பட்ட ஒரு வைத்தியப் பரிசோதனையை நடத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலேயே நுழைந்துவிட்டான். தக்க சமயத்தில் கவனித்திராவிட்டால் அந்த நோயாளிக்குப் பலத்த ஆபத்து நேர்ந்திருக்கலாம். முக்கியமான தஸ்தாவேஜு எதையாவது அவன் வாரிக்கொண்டு போகப் பார்த்தால், ஸ்டோல் தம் சாவிக்கொத்தை எடுத்துக் கம்பிகளின் மேல் வைத்து உரசுவார். போனில் கரகரவென்று இரைச்சல் கேட்குமே, அந்த மாதிரி எழுத்தெல்லாம் குழம்பிப் போகும். வந்தவன் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். இப்படி மாதக்கணக்காக நடந்தது.

கடைசியில் ராணுவ ரகசியம் போல் தோன்றும் பொய்த் தஸ்தாவேஜுகளைத் தயாரித்து வைத்தார்கள். அவற்றைப் படிக்க நேரம் பிடிக்கும் அல்லவா? அவன் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், டெலிபோன்காரர்கள் கம்பியைப் பின்தொடர்ந்து மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மார்க்கஸ் ஹெஸ் என்ற இளைஞனும் அவன் கூட்டாளிகளும், கிடைத்ததையெல்லாம் சோவியத் உளவு ஸ்தாபனமான கே.ஜி.பி.க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1990-ல் அவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் சிறைக்குப் போகாமல் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஸ்டோல் இந்தச் சரித்திரத்தை 1989-ல் 'குயிலின் முட்டை' என்று பொருள்படும் பெயரில் புத்தகமாக எழுதினார்.

இதை நான் வெகு காலத்துக்கு முன்பே படித்திருந்தேன். மறந்தும் போயிருந்தேன். சென்ற தீபாவளிக்கு வந்திருந்த என் அக்காள் மகன்தான் ஞாபகப்படுத்தினான். அவன் ஒரு சிறிய கம்ப்யூட்டரை மாத வாடகைக்கு எடுத்து வலையில் வைத்திருக்கிறான். அதன் வாசலில் யார் யார் வந்து தட்டுகிறார்கள் என்று எழுதி வைக்க, பைத்தான் மொழியில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் புரோகிராம் எழுதியிருக்கிறான். (பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று நினைத்து நான் பயந்தேன். 1991-ல் அந்த மொழியை வெளியிட்ட டச்சுக்காரர் கிடோ வான் ராஸம், தமக்குப் பிடித்த ஒரு பிரிட்டிஷ் ஹாஸ்ய நிகழ்ச்சியின் பெயரைத்தான் அதற்கு வைத்தாராம்.)

"மாமா, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே விலாசம்தான். ஆனால் 65,535 கதவுகள்" என்று அவன் ஆரம்பித்தான். கடிதப் போக்குவரத்துக்கு 25-ம் எண். இணையப் பக்கங்களுக்கு 80. தூரத்திலிருந்து நிர்வாகம் செய்ய 22. அநேகமாக மற்றவையெல்லாம் மூடியே இருக்கும். வருகிறவர், "வரலாமா?" என்று ஒரு சீட்டு அனுப்புவார். கதவு திறந்திருந்தால், "வாருங்கள்" என்று பதில் வரும். "இதோ வந்தேன்" என்று மூன்றாவது சீட்டு போனால்தான் பேச்சு ஆரம்பம். கள்ளத்தனமாகச் சோதிப்பவர், "வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டதும், மூன்றாவது சீட்டை அனுப்பாமல் ஓடிவிடுவார். உள்ளேயிருக்கும் வேலைக்காரனுக்கு யாரும் வந்ததாகவே தெரியாது. அவன் குறிப்பிலும் ஏறாது. அதனால் கணக்கு எழுதுகிறவன் வீட்டுக்குள் உட்காரக் கூடாது. வாசற்படியிலேயே உட்கார்ந்து முதல் சீட்டையே பார்க்க வேண்டும்.

இந்த வாசற்படிக் குமாஸ்தாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1990-ஐ ஒட்டி, ஹாலந்திலுள்ள ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் ஒருவன் திரும்பத் திரும்பப் புகுந்து, மனம் போனபோது டிஸ்க்கிலுள்ளதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தான். சிலருடைய வெகுநாளைய உழைப்பு திரும்பி வராமலே போயிற்று. அவன் வருவதற்கு முன்னால், உள்ளே யார் விழித்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே விசாரித்துத் தெரிந்துகொள்வான். அங்கே இருந்த வீட்ஸ வேனமா என்பவர் ஒரு சுலபமான யுக்தி செய்தார். விசாரணைக்குப் பதில் சொல்லும் புரோகிராமுக்கு முன்னால் தம்முடைய சிறிய புரோகிராம் ஒன்றை நிறுத்தினார். அது வந்தவனோடு ஒரு வார்த்தை பேசாது. எங்கிருந்து வந்தான், எப்போது வந்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டு, பழைய வேலைக்காரனைக் கூப்பிட்டுவிட்டு விலகிவிடும். வந்தவனுக்கு வித்தியாசமே தெரியாது.

1997 செப்டம்பரில் தட்டுகிறவர்கள் கை ஓங்கியது. கார்டன் லயன் என்பவர் 'என்மேப்' என்ற கருவியை எழுதி 'ஃபிராக்' என்ற மின் பத்திரிகையில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். எத்தனை கதவுகளை வேண்டுமானாலும் எத்தனை விதமாக வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஃபியோதர். ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கியின் பெயரிலிருந்து எடுத்தது! நம் தொழிலுக்கு இப்படியும் ஒரு கௌரவம். தம் வீட்டுக் கதவுகள் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பவர்களுக்கும் அதே கருவிதான். அடுத்த வீட்டுக் கதவைப் பார்ப்பவர்களுக்கும் அதே கருவிதான்.

மறு வருஷமே அதே பத்திரிகையில், சோலார் டிஸைனர் என்ற புனைபெயர்க்காரர் பதில் கொடுத்தார். ஒரே விலாசத்திலிருந்து, தட்டுக்குத் தட்டு 3 விநாடிக்கு மேற்படாத இடைவெளியில், முக்கியமான கதவுகளில் 7-ஐயோ மற்றவற்றில் 21-ஐயோ ஒருவன் தட்டினால், அது ஒரு சோதனை என்று எழுதிக்கொள்ள வேண்டும். என் மருமகனுடைய புரோகிராமும் ஏறக்குறைய இந்த நியாயத்தின்படிதான் நடக்கிறது. விலாசத்துக்கு ஒரு பக்கம், அதில் தட்டிய கதவு எண்கள், நேரம். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி.

"எழுதினால் மட்டும் போதுமா? அவனை அப்படியே வெளியே தள்ளிக் கதவடைக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அதுதான் கூடாது, மாமா. முதல் சீட்டில் அனுப்பியவர் விலாசத்தை யார் பெயரில் வேண்டுமானாலும் போடலாம். என்னைப் பிடிக்காதவன் உங்கள் விலாசத்தைப் போட்டுத் தட்டினால், நான் உங்களைத்தானே வெளியே தள்ளுவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. மொட்டைக் கடிதத்தை நம்பிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை வைத்து நானே கதை எழுதியிருக்கிறேன். சோலார் டிஸைனரும் 1998-லேயே இந்த ஆபத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவருடைய கருவி எழுதிக்கொள்ளும், எழுதுவதோடு நிற்கும்.

விலாசம் மெய்யாகவே இருந்தாலும் எண்ணம் தெரியாதே! 1999 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில், அவசர உதவி டெலிபோன் நிலையத்தின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்த ஒரு நிபுணர், அதனோடு இணையவிருந்த வலையைப் பற்றிக் கவலைப்பட்டு, அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்தார். அவை வேறொரு கம்பெனியின் பொறுப்பில் இருந்தன. அவர்கள் ஏன் என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டார். ஆனாலும் கைது செய்யப்பட்டார். 2000 நவம்பரில் சிவில் நீதிமன்றம், தட்டிப் பார்த்ததால் மட்டும் கம்ப்யூட்டருக்குச் சேதம் நேர்ந்ததாகாது, விசாரிப்பதில் செலவான நேரமும் சேதத்தில் சேராது என்று சொல்லிற்று. நோட்டுப் புத்தகத்தில் அவருடைய வரியும் ஹெஸ்ஸின் வரியும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

அப்படியானால் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாதா? ஓரளவுக்கு முடியும் என்று 2004-ல் சில ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். எத்தனை கதவைத் தட்டினான் என்பதை விட, எத்தனை தடவை ஆளில்லாத வீட்டைத் தட்டினான் என்று பார்க்க வேண்டுமாம். சொந்தக்காரன் வீடு தெரிந்து வருகிறான். வழி தேடுகிறவன்தான் பாழ் வீட்டின் கதவையும் தட்டுகிறான். ஒவ்வொரு தட்டுக்கும் சந்தேகத்தைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ கொண்டுபோய், போதுமான அளவு சேர்ந்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில், உற்பத்திச் சாமான்களைச் சோதிப்பதற்காக ஆபிரகாம் வால்ட் என்ற கணித நிபுணர் வகுத்த முறை இது.

2013-ல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தார் 'இஸட்மேப்' என்ற கருவியைச் செய்தார்கள். இணையத்தின் பழைய முறை விலாசங்கள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட கதவை, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து 45 நிமிஷத்துக்குள் தட்டிவிடலாம்! ஸ்டோலின் ஆசாமி மாதக்கணக்கில் 450 வீடுகளைத் தட்டினான். இன்று நாம் ஒரு வேளை சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் உலகமே தட்டப்பட்டுவிடுகிறது. நல்ல காரியத்துக்காகத் தட்டுகிற ஆராய்ச்சியாளர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று பொறுமையாகத் தட்டுகிறவனோ, 3 விநாடிக் கணக்கில் அகப்படாமல் தப்பிவிடுகிறான்.

மருமகன் ஊருக்குப் புறப்படும்போது, "பிறகு எதற்காக அப்பா இதையெல்லாம் எழுதி வைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"என்றைக்காவது எதையாவது காணோம் என்றால், யார் யார் வந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?" என்றான்.

அவன் போன பிறகு அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மறுபடி பார்த்தேன். எனக்காக அச்சிட்டுக் கொடுத்திருந்தான். நேரம், விலாசம், கதவு எண்கள். அவ்வளவுதான். 'திருடன்' என்று ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. ஸ்டோலின் கணக்கிலும் முதலில் அப்படி எந்த வார்த்தையும் இல்லை. 75 சென்ட் குறைகிறது என்று மட்டும்தான் இருந்தது. அதை ஒருவர் அழிக்காமல் வைத்திருந்தார்.