இகழ்ச்சியான ஊர்ப்பெயர்கள்

மம்பாவ் தோட்டப்புறங்களில் ஒருவரைப் பித்தர் என்று இகழத் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்றாலே போதும். தமிழகத்தார் அதே பொருளில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பர். மனநல மருத்துவமனை அமைந்த ஊரின் பெயர் ஈரிடத்தும் வசைச்சொல்லாயிற்று. பேராக்கில் 1911இல் திறக்கப்பட்ட மருத்துவமனைக்குப் பின்னாளில் ‘மகிழ்ச்சி’ எனப் பொருள்படும் ‘பஹாகியா’ என்று பெயரிட்ட பின்னரும், மக்கள் நாவில் பழைய வழக்கே நின்றது.

பெயர் மாற்றத்தால் இயலாததைத் தொழில் செய்யக்கூடும். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய மருத்துவர் சாரதா மேனன், நோயாளர் கைத்தொழில் பழகுவதற்குத் தொழில்வழிச் சிகிச்சைக்கூடம் அமைத்தார். 1984இல் அவர் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’, மனச்சிதைவுற்றோர்க்கு மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியும் அளித்தது. தொழில் கற்றவரைத் தையற்காரர் என்றோ தச்சர் என்றோ ஊர் அழைக்கத் தொடங்குகிறது; நோயின் பெயர் பின்னுக்குச் செல்கிறது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம், நீடித்த மனநலக் குறையுடையோர்க்கும் வேலை பெறும் உரிமையை ஏற்கிறது. ஆயினும், வேலை கேட்டு வந்தவரைக் கண்டதும் அந்த ஊர்ப்பெயரே முதலாளியின் நினைவுக்கு வருமாயின், சட்டம் வாயிலிலேயே நின்றுவிடும். ஆசிரியப் பெருமக்களே, வகுப்பறையில் அவ்வசை எழும்போது நாம் வாளாவிருத்தல் தகாது; அதனைச் சொல்லும் மாணவரே நாளை ஒருவருக்கு வேலை தரவோ மறுக்கவோ போகிறவர்.