சுழல் முறையும் சுழியும்

நுண்கட்டுப்படுத்தியில் செயலியின் கை படாமல் தரவை நினைவகத்தில் கொண்டுசேர்க்கும் தனி உறுப்பு டி.எம்.ஏ. அது இயங்கும் முறைகளுள் ஒன்றை ‘வட்ட முறை’ என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. அப்படி எழுதுவோர் ‘சர்க்குலர்’ என்ற பெயரைப் பார்த்தார்கள், வேலையைப் பார்க்கவில்லை. நினைவகம் நேர்வரிசை, அதில் வட்டம் ஏது?

எஸ்.டி.எம்.32எஃப்103 சில்லை எடுத்துக்கொள்ளலாம். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி. அளந்த மதிப்பு ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஏற ஏற, எண்ணிக்கைப் பதிவகம் ஒவ்வொன்றாகக் குறையும். அது 16 பிட் பதிவகம். 65,535 வரை வைக்கலாம். சாதாரண முறையில் எண்ணிக்கை சுழியைத் தொட்டதும் வேலை நின்றுவிடும். ‘வட்ட முறை’ எனப்படும் சுழல் முறையில் தொடக்க எண் தானே திரும்ப ஏறிக்கொள்ள, முதல் இடத்திலிருந்து மறுபடி எழுதப்படும். பாதி நிரம்பியதும் ஒரு குறுக்கீடு, முழுதும் நிரம்பியதும் ஒன்று. செயலி ஒரு பாதியைப் படிக்கையில் மறுபாதி நிரம்பிக்கொண்டிருக்கும். நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே நகலெடுக்கும் முறையோடு மட்டும் இது சேராது.

எண்ணிக்கை சுழியானதும் சுழல்கிறது. சுழி, சுழல் இரண்டுக்கும் வேர் ஒன்றே. நீரில் சுழி, தலைமயிரில் சுழி, மாடு வாங்குவோர் தேடும் சுழி, பிள்ளையார் சுழி, மூணுசுழி ‘ண’: எல்லாவற்றிலும் திரும்பி வளைதலே பொருள். பூஜ்யத்துக்கு அப்பெயர் வந்ததும் வடிவத்தால்தான். மலையாளத்தில் சுழி, கன்னடத்தில் சுளி, தெலுங்கில் சுடி. தமிழ் ழகரம் தெலுங்கில் டகரமாவது கோழி–கோடி, ஏழு–ஏடு என்பவற்றால் தெளிவு. சூழ் என்பதும் இக்குடும்பமே.

இதே சுழி ஊர்ப்பெயரிலும் உண்டு. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரைத் திருச்சுழி சுந்தரர் பதிகத்தில் திருச்சுழியல். சிவன் சூலத்தால் நிலத்தைத் துளைத்துப் பிரளய நீரைச் சுழித்து இறக்கினார் என்கிறது தலபுராணம். பெயருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆண்டில் பலநாள் மணலாய்க் கிடக்கும் ஆற்றில் புதுவெள்ளம் புரண்டு வளையும் இடம் ஒன்று போதும்.

‘சைக்கிள் ஸ்டீலிங்’ என்ற இன்னொரு முறைக்கு வைத்த ‘சுழற்சித் திருட்டு’ ‘வட்ட முறை’யைவிட மோசம். செயலியும் டி.எம்.ஏ.யும் ஒரே தரவுப்பாட்டையை மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. மேற்சொன்ன சில்லில் பாதிப் பங்கேனும் செயலிக்கு உறுதி. கண்மாய்ப் பாசனத்தில் இதற்குப் பெயர் முறைத்தண்ணீர். அடுத்தவன் முறையில் மடை திறப்பதுதான் திருட்டு. ‘சுழற்சித் திருட்டு’ என்பதை ‘முறைப்பங்கு’ என்க. மற்றதைச் ‘சுழல் முறை’ என்க. ‘வட்ட முறை’ பாடநூலில் நிற்கத் தகாது.