நினைவாற்றலும் ஆர்.என்.ஏ.யும்

கற்றது மூளையில் எவ்வாறு நிலைபெறுகிறது? 1960ஆம் ஆண்டுகளில் அறிஞர் சிலர் இதற்கு விடையை ஆர்.என்.ஏ. என்னும் உயிரணுப் பொருளில் தேடினர். கம்பிமீது நிலைகொள்ளப் பழகிய எலிகளின் நரம்பணுக்களில் அப்பொருள் மாறுதலுறுவதைச் சுவீடன் நாட்டு ஹோல்கர் ஹைடன் 1962இல் எடுத்துக்காட்டினார். பயிற்சி பெற்ற தட்டைப்புழுவைத் தின்ற புழுவுக்கும் அப்பயிற்சி வந்து சேர்ந்ததென அமெரிக்கரான ஜேம்ஸ் மெக்கானல் அதே ஆண்டில் உரைத்தார். ஆனால், எலிகளில் இத்தகைய நினைவு மாற்றத்தைச் சோதித்த 23 ஆய்வாளர், அது நிகழக் காணோம் என 1966இல் கூட்டாக அறிவித்தனர். அக்கொள்கை செல்வாக்கிழந்தது.

மரபணுவின் கட்டளையைச் சுமப்பதும், புரதம் உண்டாகத் துணை நிற்பதுமே ஆர்.என்.ஏ.யின் தொழில் என்பது அக்காலத்துப் பொதுக்கருத்து. புரதத்துக்குரியதல்லாத டி.என்.ஏ.யைச் சுசுமு ஓனோ 1972இல் 'குப்பை' என்றே குறித்தார். மனித மரபுத்தொகுதியில் புரதத்துக்குரிய பகுதி நூற்றில் இரண்டுக்கும் குறைவு எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

1993இல் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ரவ்குனும் சிறு உருளைப்புழு ஒன்றில் புதுமை கண்டனர். ஏறத்தாழ 22 எழுத்தே நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ., தான் புரதம் ஆக்காமல், வேறொரு மரபணுவின் கட்டளையோடு பிணைந்து அதனைத் தடுத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப் பெயர் பெற்ற இவ்வகைக் கண்டுபிடிப்புக்காக இருவரும் 2024இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மூளையிலும் இதன் ஆட்சி உண்டு. நரம்பணுக் கிளைகளின் நுண்முட்கள் அளவில் பெருகாதபடி மைக்ரோ ஆர்.என்.ஏ.-134 தடுப்பதை 2006இல் கிரீன்பெர்க் குழுவினர் கண்டனர். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் இடங்களே அம்முட்கள். நினைவு குன்றிய ஒருவகை எலிகளில் அதே ஆர்.என்.ஏ. மிகுந்திருந்ததையும், அதனைக் குறைத்தபோது நினைவு சீர்பட்டதையும் 2010இல் லீ-ஹுவே சாய் குழுவினர் காட்டினர்.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இது வியப்பளிக்காது. இடைச்சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. பெயரையும் வினையையும் சார்ந்தே வரும். ஆயினும் 'அவன் வந்தான்' என்பதற்கும் 'அவனும் வந்தான்' என்பதற்கும் எத்துணை வேறுபாடு! புரதம் ஆக்காத ஆர்.என்.ஏ.யும் அத்தகையதே.

பழைய கேள்வியும் முற்றும் மறையவில்லை. பயிற்சி பெற்ற கடல்நத்தையின் ஆர்.என்.ஏ.யைச் செலுத்தியபோது, பயிற்சியற்ற நத்தையும் பயின்றதுபோல் நடந்ததென டேவிட் கிளான்ஸ்மன் 2018இல் வெளியிட்டார். நினைவே அவ்வாறு மாறியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. தட்டைப்புழுவின் செய்தியை விரைந்து நம்பியதும், விளங்காததைக் குப்பையென விரைந்து ஒதுக்கியதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆய்ந்து தெளியுமுன் தீர்ப்பு வழங்காமையே அறிவுடைமை.