சமுத்திரத்திற்கு இப்பால் ஒரு களஞ்சியம்

ஒருவர் பார்த்த இணையப் பக்கத்தின் பிரதியை அண்மையிலுள்ள கணினியொன்றிற் சேமித்து, அடுத்துக் கேட்பவருக்கு அப்பிரதியையே அளிக்கும் முறை பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியமைக்குச் சமுத்திரமே காரணம். மாணாக்கர் நாடிய பக்கங்களுட் பல அமெரிக்காவில் இருந்தன. அத்திலாந்திக்கைக் கடக்கும் வடமோ ஒடுங்கியது, செலவு மிக்கது. ஒரே பக்கத்தை நூறு பேர் கேட்பின் அது நூறு முறை கடல் கடந்தது.

1993 இல் கெண்ட் பல்கலைக்கழகத்தார் யாவர்க்கும் பொதுவான சேமிப்புக் கணினியொன்றை நிறுவினர். 1997 இல் அப்பணியை மான்செஸ்ரர், லஃபரோ பல்கலைக்கழகங்கள் ஏற்றன. 1998 ஆகஸ்ட் முதல், அமெரிக்காவிலிருந்து வரும் ஒவ்வொரு மெகாபைற்றுக்கும் பல்கலைக்கழகங்களிடம் 2 பென்சு அறவிடப்பட்டது. சிறு தொகைதான், ஆயினும் மாதக் கணக்கு நிதியாளரை விழிக்கச் செய்தது. அதுவரை வேண்டுகோளாயிருந்தது சிலவிடங்களிற் கட்டாயமாயிற்று. வெளியுலகிற்குச் செல்லும் நேர்வழியை அடைத்து, சேமிப்புக் கணினியின் வழியே மட்டும் செல்லவிட்டனர்.

சிக்கனம் கிடைத்தது, தொல்லையும் உடன் வந்தது. நேற்றைய பிரதி இன்றைய செய்தியாய் வந்து நின்றது. சந்தாதாரரை இணைய முகவரியால் அறியும் ஆய்விதழ்கள், இடைக்கணினியின் முகவரியைக் கண்டு, பணஞ் செலுத்திய வாசகரையே திருப்பியனுப்பின. எந்தக் கணினியிலிருந்து எப்பக்கம் வாசிக்கப்பட்டதென்ற குறிப்பும் அங்கே எஞ்சியது. நூலகர் எவரும் இத்துணை நுணுக்கமான ஏடு வைத்திருந்ததில்லை!

காலப்போக்கில் வடங்கள் பெருத்தன. 2010களில் பெரும்பாலான பக்கங்கள் மறைகுறியாக்கப்பட்டு வரலாயின. திறக்கவியலாத உறையினுள் இருப்பதைப் பிரதிசெய்யவியலாத இடைக்கணினிகள் பல, ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன.