அறிவிப்பாளர் யார்?

உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் இலங்கை முஸ்லிம்களின் பூர்வீகம் பற்றிய தனது செயற்றிட்டத்தை என்னிடம் கொண்டு வந்தார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்கு அஞ்சி ஹாஷிம் குலத்து அரபிகள் இங்கு வந்து எட்டு இடங்களில் குடியேறினர் என்று எழுதியிருந்தார். "இதை எங்கருந்து எடுத்தீங்க மகள்?" என்று கேட்டேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே சேர்" என்றார்.

அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிவாசல் மலரில் நானும் இதையே எழுதி, 'ஜோன்ஸ்டன், 1827' என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தேன். ஜோன்ஸ்டனின் எழுத்தை அன்று நான் கண்ணாலும் கண்டதில்லை. இன்னொருவரின் அடிக்குறிப்பை அப்படியே தூக்கி என்னுடையதாக்கிக் கொண்டேன்.

பிறகுதான் மூலத்தைத் தேடிப் படித்தேன். சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்தவர். கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஒன்று தொடர்பாக அவர் எழுதிய கடிதம், லண்டன் றோயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் 1827இல் வந்தது. திருகோணமலை, யாழ்ப்பாணம், மாந்தை, குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி ஆகிய எட்டு இடங்களும் அதில் உள்ளன. ஆனால் இதை அவர், இங்குள்ள முஸ்லிம்களிடையே வழங்கிவரும் மரபுச் செய்தி என்றே தருகிறார். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் பதிவான வாய்மொழி அது. கைமாறிக் கைமாறி வரும்போது 'மரபு' என்ற சொல் உதிர்ந்து, 'வரலாறு கூறுகின்றது' என்றாகிவிட்டது. அப்துல் மலிக் 705இல் இறந்தவர். எட்டாம் நூற்றாண்டுக்குள் அவரது ஆட்சி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே வருகிறது. இதையும் நான் யோசித்திருக்கவில்லை.

இது சின்ன விசயமல்ல. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன். இராமநாதன் வாதிட்ட கட்டுரை 1888இல் அச்சானது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். எங்கள் பூர்வீகம் இப்படி வழக்காடப்பட்ட ஒன்று. ஆதாரம் காட்டாமல் எழுதினால், எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் எங்களை மடக்கிவிடும்.

முறை கடினமானதல்ல. மூலத்தை நேரில் படித்திருந்தால் ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் தரவேண்டும். இன்னொருவர் வழியாக அறிந்திருந்தால் 'ஜோன்ஸ்டன், 1827. எடுத்தாண்டவர் இன்னார்' என்று எழுதி, உசாத்துணைப் பட்டியலில் நாம் படித்த அந்த இன்னாரின் நூலை மட்டும் சேர்க்கவேண்டும். மொழிபெயர்ப்பைப் படித்தால் மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டும். இப்னு பதூதா சொல்ல எழுதியவர் இப்னு ஜுஸய். நம்மில் பலர் படிப்பதோ ஆங்கில மொழிபெயர்ப்பு. இடையில் எத்தனை கைகள்!

இஸ்னாத் கண்ட சமூகம் நாங்கள். யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்றெல்லாம் முஹத்திஸ்கள் துருவினார்கள். இடையில் ஓர் அறிவிப்பாளரை மறைப்பதற்குத் 'தத்லீஸ்' என்று பெயரும் வைத்தார்கள். என் பழைய அடிக்குறிப்பு அந்த வகைதான்.

இதை மாணவியிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவர் அந்த வரியைத் திருத்திக் கொண்டு வந்தார்: 'முஸ்லிம்களிடையே வழங்கிய மரபின்படி' என்று தொடங்கியிருந்தது. என் மலர்க் கட்டுரைக்கான திருத்தம் இதுவே.